பழைய லேண்ட் ரோவருக்கு சீட்டும் பெல்ட்டும் மாட்டியதில் நான் பட்ட பாடு

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்து டர்பனில் குடியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆன பிறகு, ஒருநாள் எனக்கு வேண்டாத ஆசை ஒன்று வந்தது. வடக்கே டோங்காட் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், வயதாகிவிட்டதால் தம் வண்டியை விற்கப்போவதாகக் கோயிலில் சொன்னார். அது 1976-ஆம் ஆண்டின் லேண்ட் ரோவர் சீரீஸ் 3, முன்பின் சக்கரங்களுக்கு இடையே 88 அங்குலம் உள்ள வகை. என்ஜின் நன்றாக ஓடியது, அடிச்சட்டமான சேசிஸில் துரு குறைவாக இருந்தது, விலையும் என் கைக்கு எட்டியது. உள்ளே சீட் என்ற பெயரில் கிழிந்த மூன்று மெத்தைகள் இருந்தன. அவை எதிலும் பூட்டப்படாமல் அடியிலிருந்த பெட்டிமேல் வெறுமனே வைக்கப்பட்டிருந்தன, சாய்மானங்களை ஆளுக்கொரு வார் பிடித்துக்கொண்டிருந்தது. சீட் பெல்ட் என்று ஒன்று கிடையாது. அதையெல்லாம் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் ஏழு மாதமாக நீண்டது, வீணாய்ப்போன பணம் மட்டும் 8,300 ரேண்ட்.

தென்னாப்பிரிக்காவில் வண்டி கைமாறினால் 'ரோட்வொர்த்தி' என்று எல்லாரும் சொல்லும் தகுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும், அது இல்லாமல் புதிய உரிமையாளர் பெயரில் உரிமம் கிடைக்காது. சோதனை நிலையத்தில் மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பார்த்த அலுவலர் சிரித்துவிட்டு, சீட் உறுதியாக இல்லை, பெல்ட் இல்லை என்று எழுதி என்னைத் திருப்பி அனுப்பினார். சீட்டைப் பொருத்தும் வேலையை நான் யோசித்துச் செய்யாமல், அடுத்த சோதனையில் தேறுவதற்காக அவசரமாகச் செய்ததற்கு இதுவே காரணம். அந்த அவசரத்தின் விலை என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஸ்கிராப் யார்டில் ஒரு சிறிய காரின் முன் சீட்டுகள் இரண்டை 1,800 ரேண்டுக்கும், தானே சுருட்டிக்கொள்ளும் பழைய பெல்ட்டுகள் இரண்டை 900 ரேண்டுக்கும் வாங்கினேன். சீட்டுகள் தலைத்தாங்கியுடன் புதுசு போலவே இருந்தன. அவற்றை ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து 4,200 ரேண்ட் கூலி கொடுத்தேன். அவர்கள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். சீட்டின் தண்டவாளங்களை வண்டியின் சீட் பெட்டிமேல் வைத்து, எட்டு மில்லிமீட்டர் போல்ட் நான்கை இறக்கி, அடியில் சின்ன வாஷர் போட்டு முடுக்கியிருந்தார்கள். பெல்ட் சுருளை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டைச் சுவரின் மேல்விளிம்பில் பூட்டியிருந்தார்கள். சோதனை நிலையத்தில் பெல்ட்டைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள், சீட்டை ஆட்டிப் பார்த்தார்கள், சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். கையால் இழுத்துப் பார்ப்பதற்கும் விபத்தின் இழுப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாயசத்தைத் தள்ளிப்போட்டிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, டோங்காட்டிலிருந்து வார்ட்பர்க் போகும் ஆர் 614 சாலையில், கரும்புக்காடுகளுக்கு நடுவே பிரிந்துபோகும் ஒரு மண்பாதையில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். வேகம் நாற்பதுக்கு மேல் இருக்காது. ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி எழுந்த அதே நேரத்தில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். எனக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. சீட்டின் பின்பகுதி இடப்பக்கமாக எழும்பி என்னைக் கதவோடு சாய்த்தது. வண்டி நின்றது, கன்று தன் பாட்டுக்குப் போயிற்று. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கத்து போல்ட் ஒன்று பெட்டியை விட்டு முழுதாக வெளியே வந்திருந்தது. போல்ட்டும் நட்டும் வாஷரும் அப்படியே ஒன்றாக இருந்தன, ஆனால் வாஷர் மட்டும் சின்னத் தட்டு போலக் குழிந்திருந்தது. அதனோடு ஐந்து ரேண்ட் நாணயம் அளவுக்கு வட்டமாகப் பிய்ந்த அலுமினியத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று போல்ட்டைச் சுற்றியும் தலைமுடி போல மெல்லிய விரிசல்கள் இருந்தன. கை நடுங்கியதை மறைக்க அங்கே யாரும் இல்லாதது ஒரு வசதி. முப்பது கிலோமீட்டர் வேகத்தில், சாய்மானத்தில் சாயாமல், வீடு வந்து சேர்ந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த போல்ட்டும் உடையவில்லை என்பதுதான். லேண்ட் ரோவரின் சேசிஸ் இரும்பு, ஆனால் அதன்மேல் இருக்கும் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகடு. சீட் பெட்டியும் அதே தகடுதான். மெத்தையையும் ஆளின் எடையையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட பெட்டி அது. மேலிருந்து கீழே அழுத்தினால் தாங்கும், கீழிருந்து மேலே பிய்த்தால் தாங்காது. மண்பாதையின் ஒவ்வொரு குலுக்கலிலும் வாஷரின் விளிம்பு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நிமிர்த்தி, மூன்றே மாதத்தில் அறுத்துவிட்டது. நான் பட்டது வெறும் பிரேக்கின் இழுப்பு. மோதல் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், அவரைப் பிடித்து நிறுத்தும் விசை ஏறத்தாழ 13,500 நியூட்டன், அதாவது 1,375 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். என் வண்டியின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐரோப்பாவின் பெல்ட் பிடிமான விதியான ஆர் 14, மூன்றுமுனைப் பெல்ட்டின் தோள்பகுதிக்கும் இடுப்புப்பகுதிக்கும் தனித்தனியே 1,350 டெக்காநியூட்டன் (அதாவது 13,500 நியூட்டன்) இழுத்துச் சோதிக்கச் சொல்வதும், இடுப்புப் பெல்ட் மட்டும் என்றால் 2,225 என்று கேட்பதும் சும்மா இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சீட்டுக்கும் தன் எடையைப் போல இருபது மடங்கைத் தாங்கும் சோதனை உண்டு. பதினைந்து கிலோ சீட் என்றால் முந்நூறு கிலோ.

இதைவிட மோசமான ஒன்றையும் கண்டுபிடித்தேன். நான் வாங்கிய கார் சீட்டில், பெல்ட்டின் கொக்கி சீட்டின் உள்பக்கச் சட்டத்திலேயே பூட்டப்பட்டிருந்தது. புதிய கார்களில் இது வழக்கம்தான், ஏனென்றால் அந்தக் கார்களில் சீட்டைத் தாங்கும் தரை அதற்கென்றே பலப்படுத்தப்பட்டிருக்கும். அதே சீட்டைக் கொண்டுவந்து மெல்லிய தகட்டின்மேல் வைத்தால், பெல்ட்டின் இழுப்பில் பாதி அந்தக் கொக்கி வழியாக, தண்டவாளம் வழியாக, பிய்ந்துபோன அதே நான்கு ஓட்டைகளுக்குத்தான் வந்து சேரும். வேறு வண்டியின் சீட்டை வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது கொக்கி எங்கே பூட்டியிருக்கிறது என்பதைத்தான், மெத்தையின் துணியை அல்ல.

சீட்டைக் கழற்றியபோது என் வயிற்றைக் கலக்கியது வேறொரு காட்சி. இந்த வகையில் பெட்ரோல் டேங்க் வலப்பக்க முன்சீட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. இங்கே வலப்பக்கம்தான் ஓட்டுநர் இருக்கை, ஆகவே நான் உட்கார்ந்திருந்ததே டேங்கின்மேல்தான். பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், டேங்கின் மேல்தகட்டில், ஒரு போல்ட் ஓட்டைக்கு நேர் கீழே, ட்ரில் முனை தொட்டுச் சுழன்ற பளபளப்பான ஒரு குழி. கடுகு அளவுதான் இருக்கும். ஓட்டையாகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் துளையிட்ட பையன் இன்னும் ஒரு நொடி அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போதும் நினைக்க விரும்பவில்லை. இந்த வண்டிகளில் சீட் பெட்டியைத் துளைக்கும் முன் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். காலி டேங்க்தானே என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்க்தான் எளிதில் வெடிக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது நான் ஒழுங்காகச் செய்தேனா என்றால், இல்லை. வெருலத்தில் ஒரு வெல்டரிடம் போய், பெரிய தகடாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகடுகளைப் பெட்டிக்கு அடியில் வைத்து, முடுக்கும்போது சுழலாமல் இருக்கட்டும் என்று போல்ட் தலைகளைத் தகட்டோடு வெல்டிங் செய்து கொடுத்தார். 3,200 ரேண்ட். பார்ப்பதற்கு யானையைக் கட்டலாம் போல இருந்தது. ஆறு வாரத்தில் தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்தது. டர்பனின் உப்புக்காற்றில் வெறும் இரும்பும் வெறும் அலுமினியமும் ஒட்டி இருந்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிடும் என்பதை நானும் அவரும் யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் வண்டியை விற்ற பெரியவர் தம் நண்பர் ஒருவரிடம் என்னை அழைத்துப் போனார். சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டுகள் பாய்லர்மேக்கராக, அதாவது கொதிகலன் செய்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கியவர், தம் ஆயாவிடம் கேட்டு வளர்ந்த தமிழை இன்னும் விடாமல் பேசுபவர். வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, சுத்தியலால் ஒரு போல்ட்டின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். வெல்டிங் ஓரத்தில் 'டக்' என்று முறிந்து கையோடு வந்தது. உறுதிக்காகவே பதப்படுத்திச் செய்த போல்ட்டை வெல்டிங் சூட்டில் காட்டினால் அந்தப் பதம் கெட்டுப்போகும் என்று விளக்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "தம்பி, தொட்டில எதுல கட்டுவோம்? விட்டத்துல கட்டுவோமா, கூரைத் தகரத்துல கட்டுவோமா?"

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தகட்டை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும், அந்தப் பெட்டியே சின்னச் சின்ன போல்ட்டுகளால்தான் வண்டியோடு இணைந்திருக்கிறது. பெல்ட்டின் இழுப்பு போய்ச் சேர வேண்டிய இடம் சேசிஸ். நடுவில் அலுமினியம் வருவதே கூடாது, வந்தால் அது வெறும் மூடியாக மட்டும் இருக்க வேண்டும். அவர் இரண்டு சட்டங்கள் செய்தார். ஒன்று, பெட்டிமேல் குறுக்காகப் படுத்து, இரு பக்கமும் கால் இறக்கி சேசிஸில் பூட்டிக்கொள்ளும் சதுரக்குழாய்ச் சட்டம். சீட்டின் தண்டவாளங்களும் இடுப்புப் பெல்ட்டின் இரு முனைகளும் இதில்தான் வருகின்றன. கொக்கியையும் சீட்டிலிருந்து கழற்றி இதற்கே மாற்றிவிட்டோம். மற்றொன்று, சீட்டுகளுக்குப் பின்னால் சேசிஸிலிருந்து எழும் வளைவு. 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள, தையல் இல்லாத குழாய், மோட்டார் பந்தய விதிகளில் பிரதான வளைவுக்குக் கேட்கும் அளவு. பெல்ட்டின் தோள்முனையைப் பூட்ட, தோள் உயரத்தில் அதில் ஒரு குறுக்குக் குழாய். வெல்டிங் அனைத்தும் வண்டிக்கு வெளியே, அவர் வீட்டு முற்றத்தில் நடந்தது. பொருத்துவதற்கு மட்டுமே வண்டிக்குள் கொண்டுவந்தோம். அதற்கும் முன்னால் டேங்கையும் பேட்டரியையும் கழற்றச் சொன்னார்.

குழாயில் போல்ட் போடும் விதத்தை அவர் செய்ததைப் பார்த்துத்தான் கற்றேன். வெற்றுக் குழாயைத் துளைத்து போல்ட் போட்டு முடுக்கினால் குழாய் நசுங்கும், நசுங்கினால் நாளடைவில் போல்ட் தளரும். ஆகவே குழாயின் குறுக்கே ஒரு சின்னக் குழாய்த்துண்டைச் செருகி, இருபுறமும் வெல்டிங் செய்து, அதற்குள் போல்ட்டைச் செலுத்த வேண்டும். பெல்ட்டுக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் 7/16 அங்குல, அங்குலத்துக்கு இருபது மரையுள்ள போல்ட்தான், பெல்ட்டோடு வரும் அதே போல்ட்டையே பயன்படுத்த வேண்டும். தகட்டில்தான் பூட்ட முடியும் என்ற கட்டாயம் உள்ள வண்டிக்காரர்கள், பந்தய விதிகள் சொல்லும் குறைந்தபட்ச அளவையாவது வைத்துக்கொள்ளலாம்: மூன்று மில்லிமீட்டர் கன இரும்புத் தகடு, பரப்பு நாற்பது சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல், அதாவது ஒரு பக்கம் ஆறரை சென்டிமீட்டர். மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும், கூர்மூலைதான் விரிசலுக்குத் தொடக்கம். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே நல்ல பெயின்ட் பூச்சு அவசியம்.

தோள்முனையின் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் ஒர்க்‌ஷாப் செய்ததில் மிக ஆபத்தானது அதுதான் என்று நான் நினைக்கிறேன். குட்டைச் சுவரின் விளிம்பு என் தோளுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பெல்ட் தோளின்மேல் ஏறிப் பின்னால் இறங்கியது. மோதலில் உடல் முன்னால் போகும்போது அப்படிப்பட்ட பெல்ட் தோளைப் பின்னுக்கு இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி அமுக்கும், அந்த அழுத்தம் முழுதும் முதுகெலும்புக்குப் போகும். பின்முனை தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். இடுப்புப் பெல்ட்டில் தவறு வேறு மாதிரி வரும். அது இடுப்பெலும்பின்மேல் படிந்து சரிவாகப் பின்னோக்கிக் கீழிறங்க வேண்டும். பிடிமானம் மிகவும் பின்னால் போய்விட்டால் பெல்ட் வயிற்றுக்கு ஏறி, உடல் அதனடியில் வழுக்கிப்போகும். நாங்கள் என்னைச் சீட்டில் உட்காரவைத்து, கயிறு பிடித்துப் பார்த்து, ஐம்பது டிகிரிக்கு அருகில் குறித்துக்கொண்டோம். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் இதை அளக்க முடியும், வெறும் சீட்டை வைத்து அளந்தால் மெத்தை அமுங்குவது கணக்கில் வராது. அதே சமயத்தில் தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்துவிடலாம். கார் சீட்டு அதன் தண்டவாளத்தோடு சேர்ந்து என்னை ஆறு சென்டிமீட்டர் உயர்த்தியிருந்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் உச்சி இடித்தது. சட்டத்தைத் தாழ்த்திச் செய்ததில் அது சரியாயிற்று. வளைவுக் குழாய்க்குத் தலை படும் இடத்தில் கெட்டியான நுரை உறையும் போட்டோம்.

பழைய பெல்ட்டுகளைத் தூக்கிப் போட ஒதுக்கிவைத்தேன். ஸ்கிராப் யார்டுக்கு வரும் வண்டிகளில் பல மோதிய வண்டிகள்தானே. ஒருமுறை மோதலைத் தாங்கிய பெல்ட்டின் இழைகள் நீண்டுபோயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தர முத்திரை உள்ள புதுப் பெல்ட் ஒன்று 1,450 ரேண்ட், இரண்டு வாங்கினேன். சுருளுள்ள பெல்ட்டா, கையால் இறுக்கும் பெல்ட்டா என்பதில் மலைப்பாதைக்காரர்களிடையே சண்டையே நடக்கும். சுருளுக்குள் சாய்வை உணர்ந்து பூட்டும் ஒரு பொறி உண்டு. பன்னிரண்டு டிகிரி சாய்வுவரை பூட்டக்கூடாது, இருபத்தேழைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஆகவே சுருளை அதன் பெட்டியில் சொல்லியிருக்கும் கோணத்தில், தூக்குக்குண்டு பிடித்துப் பூட்ட வேண்டும். கோணலாகப் பூட்டினால் சமதரையிலேயே பெல்ட் வெளியே வராது. சரியாகப் பூட்டினாலும் செங்குத்தான ஏற்றத்தில் சிக்கிக்கொள்ளும். பாதையை எட்டிப் பார்க்கக் குனிய முடியாது. நான் வாரத்தில் ஐந்து நாள் தார்ச்சாலையில் ஓட்டுகிறவன், கையால் இறுக்கும் பெல்ட்டை என் மனைவி தளர்வாகவே போட்டுக்கொள்வாள் என்றும் எனக்குத் தெரியும். சுருளையே தேர்ந்தெடுத்தேன்.

நடுவில் இருந்த மூன்றாவது மெத்தையை எடுத்துவிட்டேன், அங்கே ஒழுங்கான தோள்பெல்ட்டுக்கு வழியில்லை. பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பலகைகளில் பிள்ளைகளை ஏற்றுவதையும் நிறுத்திவிட்டேன். பெண்டாட்டி பிள்ளையோடு கடற்கரைக்குப் போகலாம் என்று வாங்கிய வண்டி இப்போது இருவர் வண்டிதான். வீட்டில் இதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசிச் சுற்றின் செலவு 8,050 ரேண்ட்: பெல்ட்டுகள் 2,900, குழாயும் போல்ட்டும் 2,650, பாய்லர்மேக்கர் தாத்தா கூலியாக 2,500-க்கு மேல் வாங்கப் பிடிவாதமாக மறுத்தார். வேலை முடிந்ததும் அவர் முற்றத்து இரும்பு விட்டத்தில், சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினார். நான் தூக்கிப் போட வைத்திருந்த பழைய பெல்ட்டை மடித்துத் தோள்முனையில் கோத்து, மெல்ல மெல்லச் சங்கிலியை இழுத்தார். வண்டியின் பின்பக்கம் ஸ்பிரிங்கோடு எழும்பி, பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு விரல்கடை மேலே வந்தன. இது வண்டியின் பாதி எடைதான், மோதலின் இழுப்பு இதைப் போல இரண்டு மடங்கு என்று அவரே சொன்னார். ஆனாலும் கையால் இழுத்துப் பார்ப்பதை விட இது தேவலை. வண்டியை இறக்கியபின் ஒவ்வொரு நட்டின் மேலும் பக்கத்துத் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டு அசைந்தால் கோடு முறியும். முதல் நூறு கிலோமீட்டரில் சீட் தண்டவாளத்து நட்டு ஒன்றில் கோடு சற்று விலகியது, முடுக்கிவிட்டுப் புதுக்கோடு போட்டேன்.

போன மாதம் ஹிமெவில்லிலிருந்து, லெசோத்தோ நாட்டுக்குப் போகும் சானி கணவாய் ஏறினோம். 2,876 மீட்டர் உச்சி, நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்து சீட்டில் பாய்லர்மேக்கர் தாத்தா. பெல்ட் போடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாதாம். மேலே கடைசி வளைவுகளில் எதிர்பார்த்தபடியே இருவருடைய சுருள்களும் பூட்டிக்கொண்டன. "முதுகைச் சாச்சு உக்காரு தம்பி, வளைவை நான் பாத்துச் சொல்றேன்" என்றார், அவராலும் குனிய முடியவில்லை என்பதை மறந்து.